ஐயத்துக்கு இடம் தராத முத்திரை

பிரிட்டனில் பாகிஸ்தானியர் நெருக்கமாக வாழும் நகரங்களில் சில ஆண்டுகளாக ஒரு தொழில் நன்றாகச் செழித்திருக்கிறது. நிக்காஹ்நாமா என்ற திருமணப் பத்திரம், பிறப்புச் சான்று, காவல்நிலைய எஃப்.ஐ.ஆர். எதுவானாலும் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதும். மறுநாளே முத்திரையும் கையெழுத்துமாக ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிடும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். விசா அலுவலகம் கட்டாயம் ஏற்றுக்கொள்ளும் என்ற உத்தரவாதத்தையும் சேர்த்தே விற்கிறார்கள். இது புலம்பெயர்ந்தோருக்குக் கிடைத்த பெரிய வசதி என்ற பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது. அண்மையில் இந்தத் தொழிலைச் சேர்ந்த ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மொழிபெயர்ப்பாளர் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுவதால் பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறார், நாதியற்று வந்து நிற்கும் அகதிக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை என்று வாதிட்டார். நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். ஆனால் அந்த வாதம் தவறானது. எதற்குப் பொறுப்பு, யாரிடம் பொறுப்பு என்று கேட்டுப் பார்த்தால் அது நிற்காது.

வாணியம்பாடியில் உருது பேசும் வீட்டில் பிறந்து, தமிழில் படித்து, இங்கே வந்த பிறகு இத்தகைய தாள்களைப் பிறருக்காகப் படித்துச் சொல்லி வருகிறவன் நான். அதனால் இந்த ஏற்பாட்டின் நன்மைகளையும் அறிவேன். சான்று மொழிபெயர்ப்பு என்ற கட்டாயம் வருவதற்கு முன் மச்சானோ, பள்ளிவாசலில் அறிமுகமானவரோ, வழக்கறிஞர் அலுவலகத்தில் உருது தெரிந்த எழுத்தரோ மொழிபெயர்த்த காலம் உண்டு. அவற்றில் பாதி சுருக்கம், மீதி கற்பனை. இப்போது அந்த நிலை மாறியிருக்கிறது. ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் இருப்பதுபோல் அரசோ நீதிமன்றமோ அமர்த்திய மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைய வேண்டிய கட்டாயம் பிரிட்டனில் இல்லை, செலவும் குறைவு. பாகிஸ்தானின் நாத்ரா நிறுவனம் 2000இல் தொடங்கிய பின் பிறப்பு, திருமணச் சான்றுகள் பல உருதுவிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சாகின்றன; அவற்றுக்கு மொழிபெயர்ப்பே பெரிதாகத் தேவைப்படுவதில்லை. கணினி அச்சடித்த தாளில் பிழைக்கு இடம் குறைவு. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒருவருடைய வாழ்க்கையை முடிவு செய்யும் தாள்கள் கணினி அச்சடித்தவையாக இருப்பது அரிது. முப்பது ஆண்டுக்கு முந்தைய நிக்காஹ்நாமா, நீதிமன்ற நகல், விவாகரத்து அறிவிப்பு, ஊர்ப் பெரியவர் எழுதிக் கொடுத்த கடிதம், மிரட்டல் துண்டறிக்கை என்று அவை பெரும்பாலும் கையெழுத்தில் வருகின்றன. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் வாட்ஸாப்பில் அனுப்பி, அங்கிருந்து அச்செடுத்துக் கொண்டுவருகிறார்கள். நான் பேச வந்தது இவற்றைப் பற்றி.

ஆங்கிலம் பேசும் நாடுகள் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்பது என்ன? பிரிட்டனின் குடிவரவு விதிகள் மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழியையும் தேதி, முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவற்றையும் கேட்கின்றன. நாட்டுக்குள்ளிருந்தே விண்ணப்பித்தால் மொழிபெயர்ப்பாளரின் தகுதியையும் காட்ட வேண்டும். அமெரிக்காவின் கூட்டரசு விதி முழுமையானது, சரியானது என்ற இரண்டையும் சான்றுரைக்கச் சொல்கிறது. தனக்கு அந்த மொழி தெரியும் என்று மொழிபெயர்ப்பாளரே சொல்லிக்கொண்டால் அங்கே போதும். கனடா விண்ணப்பதாரரின் குடும்பத்தார் மொழிபெயர்ப்பதைத் தடுக்கிறது. ஆஸ்திரேலியா 1977இல் தோன்றிய நாட்டி அமைப்பின் முத்திரையை எதிர்பார்க்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் மொழிபெயர்ப்பாளரின் நேர்மையையும் தகுதியையும் சோதிக்கிறது. இந்தத் தாளில் எந்த இடம் உங்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்று ஒரு விதிகூடக் கேட்கவில்லை.

நெடுங்காலமாக எனக்கு இருக்கும் மறுப்பு இதுதான். சான்றுரை ஒரே வாக்கியத்தில் தாள் முழுவதற்கும் ஒரே அளவு உறுதியைக் கொடுக்கிறது. உருதுக் கையெழுத்துத் தாளில் அந்த அளவு உறுதி எங்குமே இருப்பதில்லை.

உருது அறியாதவர்களுக்கு ஒன்றிரண்டு இடங்களைக் காட்டினால் விளங்கும். அந்த எழுத்தில் குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மெய்களைப் பார்த்துப் படிப்பவரே உயிரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த மெய்களில் பலவற்றுக்கும் சொல்லின் முதலிலும் நடுவிலும் வடிவம் ஒன்றுதான். புள்ளிகள்தாம் பிரித்துக் காட்டுகின்றன. கீழே ஒரு புள்ளி இருந்தால் பகரம், இரண்டு இருந்தால் யகரம், மேலே ஒன்று இருந்தால் நகரம். நஸீர், பஸீர் என்ற இரண்டு ஆண் பெயர்களும் ஒரு புள்ளி மேலே இருப்பதாலும் கீழே இருப்பதாலும் மட்டுமே வேறுபடுகின்றன. புஷ்ரா, யுஸ்ரா என்ற பெண் பெயர்கள் இரண்டும் புள்ளிகளை எடுத்துவிட்டால் ஒரே உருவம். வேகமாக எழுதும் காஜியார் புள்ளி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்தி வைப்பதில்லை. மூன்று புள்ளியை ஒரு சுழிப்பாக இழுத்துவிடுவார், இரண்டு புள்ளியைக் கோடாக்கிவிடுவார். எண்களில் இன்னும் சிக்கல். உருது எண்களில் சுழி என்பதே ஒரு புள்ளிதான். ஜெராக்ஸ் எந்திரத்தின் கண்ணாடியில் ஒட்டிய தூசும் புள்ளிதான். மணமகன் தரும் மஹர் தொகை ஐயாயிரமா ஐம்பதாயிரமா, திருமணம் நடந்தது முதல் தேதியா பத்தாம் தேதியா என்ற கேள்விகள் இப்படித்தான் எழுகின்றன. தொகையை எழுத்தாலும் எழுதியிருந்தால் பிழைத்தோம்.

இந்த இடங்களில் தேர்ந்த வாசகர் என்ன செய்வார் என்பது தமிழர்களாகிய நமக்குப் புதிதல்ல. ஏடுகளில் மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. உ.வே.சாமிநாதையர் அத்தகைய ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கித் தமக்குச் சரியென்று பட்ட பாடத்தை மேலே வைத்தார், பிற பாடங்களைப் பிரதிபேதமென்று கீழே காட்டினார். அந்தக் குறிப்புகளால் அவர் பதிப்பின் மீது யாருக்கும் நம்பிக்கை குறையவில்லை. அவர் எங்கே தயங்கினார் என்று தெரிவதால்தான் தயங்காத இடங்களையும் நம்புகிறோம். இலக்கியப் பதிப்புக்கு நாம் எதிர்பார்க்கும் இந்தக் குறைந்தபட்ச ஒழுக்கத்தை, ஒரு மனிதரை நாடு கடத்தலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் தாளுக்கு ஏன் எதிர்பார்ப்பதில்லை?

நிக்காஹ்நாமாவை எடுத்துக்கொள்வோம். 1961ஆம் ஆண்டின் முஸ்லிம் குடும்பச் சட்ட அவசரச் சட்டத்தின் கீழ் பாகிஸ்தானில் வகுக்கப்பட்ட அந்தப் படிவத்தில் 25 கட்டங்கள் இருக்கின்றன. பதினெட்டாவது கட்டம், மணவிலக்குச் செய்யும் உரிமையைக் கணவன் மனைவிக்கு ஒப்படைத்திருக்கிறானா என்று கேட்கிறது. பதினேழாவது, வேறு சிறப்பு நிபந்தனை உண்டா என்று கேட்கிறது. இருபத்தொன்றாவது, மணமகனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாளா, இருந்தால் நடுவர் மன்றத்தின் அனுமதி பெற்றானா என்று கேட்கிறது. பழைய படிவங்களைப் பார்த்தால் பதினேழிலிருந்து கீழே வரை ஒரே சாய்வுக் கோடு இழுத்திருப்பார்கள். மணப்பெண்ணிடம் கேட்காமலே திருமணப் பதிவாளர் இப்படிக் கோடு இழுத்துவிடுகிறார் என்பது பாகிஸ்தானிலேயே பெண்ணுரிமையாளர்கள் பலகாலமாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு.

அந்தக் கோட்டை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? நான் பார்த்த மொழிபெயர்ப்புகளில் சில ‘இல்லை’ என்று எழுதுகின்றன. சில ‘பொருந்தாது’ என்கின்றன. ஒரு சிறுகோட்டைப் போட்டுவிட்டு நகர்ந்தவையும் உண்டு. கோடு கிழிக்கப்பட்டுள்ளது, அது ஐந்து கட்டங்களின் மேல் ஒரே இழுப்பாகச் செல்கிறது, கட்டத்துக்குள் எதுவும் எழுதப்படவில்லை என்று கண்ணால் கண்டதை எழுதிய மொழிபெயர்ப்பு அரிதிலும் அரிது. ‘இல்லை’ என்பது ஒரு பதில். கோடு என்பது பதிலே அல்ல. கேள்வி கேட்கப்பட்டதா என்பதே தெரியாத நிலை அது. தனிப் பத்திரம் எழுதி அந்த உரிமையைப் பெற்றிருந்த ஒரு பெண், அதைப் பயன்படுத்தி முதல் திருமணத்திலிருந்து விடுபட்டு மறுமணம் செய்துகொண்டு பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டாம் கட்டத்தில் ‘இல்லை’ என்று சான்று மொழிபெயர்ப்பு சொன்னால் அவள் கையிலிருக்கும் பத்திரம் பொய்யாகிவிடுகிறது. முதல் திருமணம் முறியவில்லை, ஆகவே இரண்டாவது செல்லாது என்று அதிகாரி எழுத அந்த ஒரு சொல் போதும்.

எஃப்.ஐ.ஆர். இதைவிட மோசம். பாகிஸ்தானில் இன்றும் 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவின்படிதான் அது பதிவாகிறது. தமிழ்நாட்டுக் காவல்நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பார்த்தவருக்கு அதன் அமைப்பு அந்நியமாக இருக்காது. மேலே சம்பவ நேரம், தகவல் வந்த நேரம், சட்டப் பிரிவு என்று கட்டங்கள். கீழே புகார்தாரரின் வாக்குமூலம். நம்மூரில் ஸ்டேஷன் ரைட்டர் செய்வதை அங்கே முஹர்ரிர் செய்கிறார். பாரசீகமும் அரபும் கலந்த போலீஸ் உருதுவில், முற்றுப்புள்ளி என்ற ஒன்றே இல்லாமல், ஒரு பக்கம் முழுவதும் ஒரே வாக்கியமாக அவர் எழுதிக்கொண்டு போவார். புகார்தாரர் ‘நான்’ என்று பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்குமூலம் முடிந்து காவல்துறை நடவடிக்கை தொடங்கிவிடும். அங்கே வரும் ‘நான்’ எழுதும் காவலர். பத்தி பிரித்திருக்க மாட்டார்கள். அவசரமாக மொழிபெயர்க்கிறவர் இந்தத் திருப்பத்தைத் தவறவிட்டால், இது பொய்ப் புகாராகத் தோன்றுகிறது என்றோ காயம் சாதாரணமானது என்றோ காவலர் எழுதியது புகார்தாரர் வாயிலிருந்து வந்ததாக ஆங்கிலத்தில் பதிவாகிவிடும். சம்பவ நேரமும் தகவல் நேரமும் இடம் மாறுவது இன்னும் சாதாரணமாக நடக்கிறது.

எந்த வழக்குகளில் இந்தத் தாள் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் இருபதாம் எண் அவசரச் சட்டம் பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தில் 298-பி, 298-சி பிரிவுகளைச் சேர்த்தது. அகமதியர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதும் தங்கள் வழிபாட்டு இடத்தைப் பள்ளிவாசல் என்று அழைப்பதும் அதன்பின் குற்றமாயின. 1986இல் சேர்ந்த 295-சி பிரிவு நபியை இழிவுபடுத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு மரண தண்டனை வரை கொண்டுபோகிறது. இந்தப் பிரிவுகளில் தன் பெயர் ஏறிவிட்டது என்று ஓடிவரும் மனிதர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு எஃப்.ஐ.ஆர். நகல்தான். அதில் எந்த ‘நான்’ யார் என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

இந்த இடத்தில் நான் மிகவும் வருந்துகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். சான்றுரை உருதுத் தாளையே மூலமாகக் கொள்கிறது. உண்மையில் அது மூலமே அல்ல. 1960களில் மங்களா அணைக்காக நிலம் இழந்து பிரிட்டனுக்கு வந்த மீர்ப்பூர்க்காரர்களின் வீட்டுப் பேச்சு பஹாரி. ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறவர் பேசுவது பஷ்தோ. லாகூர்ச் சேரியிலிருந்து வரும் கிறித்தவத் தொழிலாளி பஞ்சாபி பேசுகிறார். காவல்நிலையத்தில் அவர்கள் தங்கள் மொழியில் சொல்கிறார்கள்; முஹர்ரிர் கேட்டு உருதுவில் எழுதுகிறார். அதுதான் முதல் மொழிபெயர்ப்பு. அதற்கு யாரும் சான்று தரவில்லை, யாரும் சரிபார்க்கவில்லை, சொன்னவருக்குப் பெரும்பாலும் திருப்பிப் படித்துக் காட்டவும் இல்லை. அடியில் பெருவிரல் ரேகை மட்டும் இருக்கும். பிறகு லண்டனில் ஒருவர் அதை ஆங்கிலமாக்கி ‘மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று முத்திரை குத்துகிறார். தாளின் சொந்தக்காரருக்கு உருதுவும் படிக்கத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தன் கதை என்னவாக மாறியிருக்கிறது என்பதை அவர் முதன்முதலில் அறிவது, உள்துறை அலுவலகத்தின் மறுப்புக் கடிதத்தை மூன்றாவது ஒருவர் படித்துக் காட்டும்போதுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உருதுவை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் 2021 மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 2.7 லட்சம் பேர். அவர்களைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. உருது வாயில் இல்லாமல் தாளில் மட்டும் இருப்பவர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன்.

பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹுசைன் என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்துக்கூட்டல் இருப்பதால், பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பழக்கம் அதோடு நிற்பதில்லை. நிக்காஹ்நாமாவில் நஸ்ரீன் பீபி என்றும் பாஸ்போர்ட்டில் நஸ்ரீன் அக்தர் என்றும் இருந்தால், ‘பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே போட்டுவிடுங்கள் பாய்’ என்று வாடிக்கையாளர் கேட்கிறார், மொழிபெயர்ப்பாளரும் போட்டுவிடுகிறார். பீபி என்பது மரியாதைச் சொல், குடும்பப் பெயர் அல்ல. பாகிஸ்தானில் ஒரே வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து பின்பெயர் இருப்பது இயல்பு என்று ஒரு வரி எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. தகப்பன் பெயரை முன்னெழுத்தாகச் சுமக்கும் தமிழருக்கும், அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயரும் தம்பிக்கு வேறொன்றும் பதிவாகிக் கனடாவில் தவித்த யாழ்ப்பாணத்தாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வரியை எழுதாமல் பெயரையே மாற்றி வைப்பது உதவியாகத் தோன்றுகிறது. அதிகாரி பின்னால் மூலத்தை வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அது மோசடியாகத் தோன்றும். விண்ணப்பத்தில் ஏமாற்று இருந்ததென்று பிரிட்டன் முடிவு செய்தால் பத்து ஆண்டுகள் வரை நாட்டுக்குள் வரத் தடை விழலாம். தடை மொழிபெயர்ப்பாளர் மேல் விழுவதில்லை.

இந்தத் தொழிலை ஆதரிப்பவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. படிக்க முடியாத இடத்தை அடைப்புக்குறிக்குள் அப்படியே சொல்வது தொழில் மரபு. பிரிட்டனில் 1910இல் தோன்றிய பட்டய மொழியாளர் கழகமும் 1986இல் தோன்றிய மொழிபெயர்ப்பாளர் கழகமும் நடத்தை நெறிகளை வகுத்திருக்கின்றன. எல்லாம் உண்மை. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் செய்யவும் செய்கிறார்கள். அவர்களை நான் அறிவேன். ஆனால் தாளில் அனுமதி இருப்பதால் வழக்கம் வந்துவிடாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஒரு புள்ளியை அரை மணி நேரம் பார்த்ததற்குக் கூலி கிடையாது. குறிப்புகள் நிறைந்த மொழிபெயர்ப்பைக் கண்டால் வாடிக்கையாளர் பயப்படுகிறார், நிறுவனம் திருப்பி அனுப்புகிறது, சில வழக்கறிஞர்களே ‘சுத்தமான பிரதி’ வேண்டுமென்று கேட்கிறார்கள். உத்தரவாதம் கொடுத்து விற்கும் பொருளில் ‘தெளிவாக இல்லை’ என்ற சொல் இருக்க முடியுமா? இப்போது எந்திர மொழிபெயர்ப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. தெரியாத இடத்திலும் அது வெற்றிடம் விடுவதில்லை. வழவழப்பான ஆங்கிலத்தை வைத்து நிரப்பிவிடுகிறது. அதை ஒருமுறை ஓட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடும் மனிதர், தான் படிக்காத ஒன்றைப் படித்ததாக உறுதிமொழி தருகிறார். இதற்குப் பொறுப்பேற்றல் என்று பெயர் வைப்பவர்களோடு எனக்குச் சமாதானம் கிடையாது.

தாளில் இருந்த ஐயம் இப்படி முத்திரைக்கு அடியில் மறைந்துபோவதில்லை. அது தாளை விட்டு ஆள்மேல் ஏறுகிறது. பிரிட்டனின் குடிவரவு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2002இல் தன்வீர் அகமது என்ற பாகிஸ்தானியர் வழக்கில் அளித்த தீர்ப்பு இன்றுவரை வழிகாட்டியாக இருக்கிறது. ஓர் ஆவணம் நம்பத்தக்கது என்று காட்டும் கடமை அதைக் கொண்டுவந்தவருடையது. அரசு அதைப் போலியென்று நிரூபிக்க வேண்டியதில்லை. எல்லாச் சான்றுகளோடும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று அது சொன்னது. தீர்ப்பின் தருக்கத்தோடு நான் இங்கே சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் என்ன நடக்கும் என்று பாருங்கள். நேர்காணலில் விண்ணப்பதாரர் ஒரு தேதி சொல்கிறார். சான்று மொழிபெயர்ப்பில் வேறு தேதி இருக்கிறது. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று சான்று இருப்பதால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. பொய் சொல்லியிருக்கக்கூடியவர் ஒருவர்தான் மிச்சம். அந்தத் தேதி ஒரு புள்ளியைப் பொறுத்தது, அந்தப் புள்ளி தூசாகவும் இருக்கலாம் என்று மொழிபெயர்ப்பாளருக்கு அப்போதே தெரிந்திருந்தால், அவர் வாய் மூடியிருந்ததுதான் அந்த மனிதரைப் பொய்யராக்கியது.

ஐ.நா. அகதிகள் ஆணையம் 1979இல் வெளியிட்ட கையேடு, தன்னால் இயன்ற சான்றுகளையெல்லாம் கொடுத்துவிட்ட, மொத்தத்தில் நம்பத்தக்கவராகத் தோன்றும் விண்ணப்பதாரருக்கு ஐயத்தின் பலனை அளிக்க வேண்டும் என்கிறது. உண்மையைக் கண்டறியும் கடமை விசாரிப்பவருக்கும் உண்டு என்கிறது. ஐயம் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பவருக்குத் தெரிந்தால்தானே அதன் பலனை அளிக்க முடியும்? நாம் கட்டியிருக்கும் ஏற்பாடு ஐயத்தை அவர் மேசைக்குப் போகும் முன்பே அழித்துவிடுகிறது. அகதிக்குச் சட்டம் வைத்திருக்கும் ஒரே சலுகையை, அவர் காசு கொடுத்து வாங்கிய தாளே அவரிடமிருந்து பறிக்கிறது.

அப்போஸ்தில் என்ற பன்னாட்டுச் சான்று முறை வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். 2023 மார்ச் 9 முதல் அதற்கான ஹேக் உடன்படிக்கை பாகிஸ்தானுக்கும் நடைமுறையில் இருக்கிறது. அப்போஸ்தில், தாளில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உரிய அதிகாரியுடையவைதாம் என்று மட்டும் சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது என்ன, அதை யார் எப்படிப் படித்தார் என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. முத்திரைமேல் முத்திரை ஏறுகிறதே தவிர படிப்பு ஒரு மயிரிழையும் தெளிவாவதில்லை.

செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் அல்ல. சான்றுரையின் வாசகத்தில் ‘கீழ்க்கண்ட இடங்கள் நீங்கலாக’ என்று ஒரு சொற்றொடரையும், அதன்கீழ் அந்த இடங்களை எழுத ஒரு கட்டத்தையும் சேர்த்தால் போதும். கட்டம் கட்டாயம் நிரப்பப்பட வேண்டும். ஒன்றுமில்லையென்றால் ஒன்றுமில்லை என்று எழுதட்டும். பெயர் மூலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே முதலில் வரட்டும், பாஸ்போர்ட்டில் உள்ளது அடுத்து வரட்டும். கோட்டைக் கோடு என்றே எழுதட்டும். வாக்குமூலம் எந்த வரியில் முடிந்து காவலரின் எழுத்து எந்த வரியில் தொடங்குகிறது என்று காட்டட்டும். கையெழுத்திடும் முன் அந்த மொழிபெயர்ப்பை உரியவருக்கு அவர் மொழியில் ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும் என்பதையும் நான் வற்புறுத்துவேன்; பஹாரி பேசுகிறவருக்குப் பஹாரியில், பஷ்தோ பேசுகிறவருக்குப் பஷ்தோவில்.

செலவு கூடும் என்று உடனே சொல்வார்கள். கூடும்தான். விண்ணப்பக் கட்டணத்துக்கு மேல், 2024 பிப்ரவரியிலிருந்து ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்று மருத்துவக் கூடுதல் கட்டணமும் பெரும்பாலான பெரியவர்களிடம் வாங்குகிற அரசு, ஒரு மணி நேரக் கூடுதல் வேலையை ஏழையின் சுமை என்று காரணம் காட்டக் கூடாது. புகலிட வழக்குகளில் சட்ட உதவி நிதி மொழிபெயர்ப்புக்குப் பணம் தருகிறது. அது நேரக் கணக்கில் தரட்டும். மேலே சொன்ன இரண்டு கழகங்களும் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. தங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் சான்றுரை மாதிரியை நாளைக்கே மாற்றலாம்.

அதுவரை, உருதுத் தாளோடு என்னிடம் வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லி அனுப்புகிறேன். முத்திரையிட்ட பிரதியை வாங்கிக்கொண்டு உடனே திரும்பாதீர்கள். எந்தெந்த எழுத்தில், எந்தெந்த எண்ணில் உங்களுக்குத் தயக்கம் இருந்தது என்று மொழிபெயர்த்தவரிடம் கேளுங்கள். அதைத் தனிக் கடிதமாக எழுதி, தேதியிட்டு, அதே பெயரில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வேறொருவரிடம் போங்கள். தந்தால் அந்தக் கடிதத்தை மொழிபெயர்ப்போடு சேர்த்தே வழக்கறிஞரிடம் கொடுங்கள்; மறுப்புக் கடிதம் வந்த பிறகு அதைத் தேடி அலைந்து பயனில்லை.